மிக்கேல் அண்ணாச்சியிடம் நான்கு முறை ரத்தம் கேட்டேன்

தப்பு அடுத்தவர் மேல் இருந்தால் நான் நிதானமாகப் பேசுவேன். என் மேல் இருந்தால்தான் எனக்குக் கோபம் வரும். தப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு சத்தம். சின்ன வயதில் நான் கத்த ஆரம்பித்தாலே அம்மா பதில் பேசாமல் அடுப்படிக்குப் போய், என்ன உடைந்திருக்கிறது என்று பார்ப்பாள். என் சுபாவம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்தபோது வயது இருபத்து மூன்று. தெரியவைத்தவர், திசையன்விளையில் படகு என்ஜின் பழுதுபார்க்கும் மிக்கேல் அண்ணாச்சி.

தொண்ணூறுகளின் கடைசி அது. எம்.சி.ஏ. முடித்துவிட்டு வண்ணார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்திருந்தேன். காலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்க வேண்டும். மதியத்துக்கு மேல் வெளியாருக்குப் புரோகிராம் எழுதித் தர வேண்டும். (வெளியார் என்றால் ஒரு அரிசி ஆலையும் இரண்டு பள்ளிக்கூடங்களும்.) பக்கத்து நாற்காலியில் செய்யது. மேலப்பாளையத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். அதனாலேயே அவரைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

அந்தச் சமயத்தில் ஊரில் ரத்தம் கொடுப்பவர்கள் சங்கம் ஒன்று எங்களிடம் வந்தது. கொடுப்பவர்களின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். யாருக்காவது ரத்தம் தேவைப்பட்டால் ரத்த வங்கியில் இருந்து எங்களுக்குப் போன் வரும். நாங்கள் பட்டியலைப் பார்த்து, கொடுக்கக் கூடியவரைக் கூப்பிட்டு அனுப்ப வேண்டும். புண்ணிய காரியம் என்று முதலாளி ஒத்துக்கொண்டார். புண்ணியம் முழுவதையும் நானே எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்து, புரோகிராமை நானே எழுதுவேன் என்று முந்திக்கொண்டேன்.

இங்கே கொஞ்சம் தொழில் விஷயம் சொல்லியாக வேண்டும். (பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டே பத்தி.) ரத்தம் கொடுப்பவர் ஒருவரிடம் என்னென்ன கேட்கலாம் என்று முதலில் ஒரு பட்டியல் எழுதுவோம். பெயர் என்ன, ரத்த வகை என்ன, போன் நம்பர் என்ன, கடைசியாக எப்போது கொடுத்தீர்கள், இன்று கொடுக்கலாமா. இந்தப் பட்டியலுக்கு இன்டர்ஃபேஸ் என்று பெயர். ஒவ்வொரு கேள்வியும் ஒரு மெத்தட். சென்னையில் இருந்து எங்களுக்கு ஒரு சிடி வந்திருந்தது. அதில் இருந்த கருவியிடம் இந்தப் பட்டியலைக் கொடுத்தால் போதும். ஒவ்வொரு கேள்விக்கும் டேட்டாபேஸில் ஒரு கட்டம் போட்டு, பதிலை அதில் எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு எப்போது கேட்டாலும் அந்தக் கட்டத்தைப் பார்த்துச் சொல்லும்.

பெயருக்கும் ரத்த வகைக்கும் இது சரி. "இன்று கொடுக்கலாமா" என்பதற்குத்தான் சரியில்லை. ஒருமுறை கொடுத்தவர் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி கொடுக்க வேண்டும். கடைசியாகக் கொடுத்த தேதியைப் பார்த்து, கேட்கும் போதெல்லாம் புதிதாகக் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டிய பதில் அது. ஒருநாளும் எழுதி வைக்கக் கூடாது. அதற்கும் கருவியில் வழி இருந்தது. விலக்குப் பட்டியல் என்று ஒன்று உண்டு. அதில் அந்தக் கேள்வியின் பெயரை ஒரு வரி எழுதிவிட்டால், கருவி அதைத் தொடாது, நாம் போட்டிருக்கும் கணக்கு அப்படியே நடக்கும்.

ஒரே ஒரு வரி.

"கோமதி, அந்தக் கடைசிக் கேள்விய விலக்குப் பட்டியல்ல போட்டுருங்க. இல்லன்னா அதுக்கும் கட்டம் போட்டுரும்" என்றார் செய்யது.

"போடட்டுமே. எழுதி வைக்கத்தான டேட்டாபேஸ்."

"இன்னைக்குக் குடுக்க முடியாதவரு அடுத்த மாசம் குடுக்கலாம்லா. அது மாறுமே."

"அதுக்குத்தான் கணக்குப் போட்டு எழுதியிருக்கேன்."

"உங்க கணக்க அது கூப்பிடவே செய்யாது. கட்டத்துல முதநாள் எழுதினதத்தான் படிக்கும். புஸ்தகத்துல நாப்பதாம் பக்கத்துல இருக்கு, பாருங்க."

புத்தகம் நானும் படித்திருந்தேன், முப்பத்தெட்டாம் பக்கம் வரைக்கும். அதை எப்படிச் சொல்வது. "உங்க வேலையப் பாருங்க செய்யது" என்றேன். பிறகு ஐம்பது பெயரைப் போட்டுச் சோதித்தேன். ஐம்பதும் சரியாக வந்தது. முதல் நாள் அல்லவா, சரியாகத்தான் வரும். காகிதத்தை எடுத்து அவர் மேஜையில், சத்தம் கேட்கிற மாதிரி வைத்தேன்.

பெயர்களைப் பதிந்தது பாளையங்கோட்டையில் நடந்த ஒரு ரத்ததான முகாமில். வந்தவர்கள் எல்லோரும் அன்றைக்கே ரத்தம் கொடுத்தார்கள். ஆகவே எல்லோருக்கும் "முடியாது" என்று பதிவானது. நேரில் வராமல், சொந்தக்காரர் மூலம் சீட்டு மட்டும் எழுதி அனுப்பியவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு மட்டும் "கொடுக்கலாம்". பதில்கள் கட்டத்துக்குள் போய் அப்படியே உறைந்தன. கொடுக்கிற மனசோடு வெயிலில் வரிசையில் நின்றவர்களை இந்த ஜென்மத்தில் கூப்பிடாது. சீட்டு அனுப்பியவர்களை விடவே விடாது. அப்படி ஒரு புரோகிராமை எழுதிவிட்டு, நான் பெருமையோடு போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஓ நெகட்டிவ் அபூர்வமான வகை. எங்கள் பட்டியலில் ஒன்பது பேர்தான். அதில் "கொடுக்கலாம்" இரண்டு பேர். ஒருவர் துபாய்க்குப் போய்விட்டார். மிச்சம் மிக்கேல் அண்ணாச்சி.

முதல் தடவை கூப்பிட்டபோது ராஜா மாதிரி வந்தார். திசையன்விளையில் இருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். வெள்ளைச் சட்டை, பவுடர். கொடுத்துவிட்டு எங்கள் சென்டருக்கும் வந்து, "எந்தக் கம்ப்யூட்டரும்மா என் பேரச் சொல்லிச்சு" என்று கேட்டு, அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

ஐந்து வாரத்தில் மறுபடி ஓ நெகட்டிவ் கேட்டு வந்தது. நான் மறுபடி கூப்பிட்டேன். அவரிடம் போன் கிடையாது. பக்கத்து உரக்கடைக்குப் பண்ணினால் அங்கிருந்து ஆள் போய்க் கூட்டிவருவார்கள்.

"எம்மா, இப்பத்தானம்மா குடுத்தேன்."

"கம்ப்யூட்டர் சொல்லுது அண்ணாச்சி. அதுக்குத் தெரியாதா."

(இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். சம்பளம் வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற நான்.)

கம்ப்யூட்டர் மேல் அவருக்கு மரியாதை. வந்தார். ரத்த வங்கியில் இருந்த ஜெயராணி அக்கா அவர் கையைப் பார்த்து, தேதியைக் கேட்டு, அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்பினாள். எனக்கு வந்ததே கோபம். நேரே ரத்த வங்கிக்குப் போய், அவர் கொடுத்த தேதியை நீங்கள்தான் எங்களுக்குத் தப்பாகச் சொல்லியிருப்பீர்கள் என்று ஜெயராணி அக்காவிடம் கத்தினேன். அவள் நோட்டைத் திறந்து காட்டினாள். தேதி சரி. என் கம்ப்யூட்டரிலும் அதே தேதி. பக்கத்துக் கட்டத்தைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. தேதி சரியாக இருப்பதால் புரோகிராம் சரி, ஆகவே ஜெயராணி அக்கா சரியில்லை. இப்படி ஒரு கணக்கு எனக்கு.

இரண்டு வாரம் கழித்து மூன்றாவது தடவை. இந்தத் தடவை கூப்பிட்டதற்குக் காரணம் வீம்புதான். கம்ப்யூட்டர் சொல்கிறது, நான் வரச் சொல்கிறேன், யார் திருப்பி அனுப்புகிறார்கள் என்று பார்ப்போம். அவர் வந்தார். ஜெயராணி அக்கா திருப்பி அனுப்பினாள். ஆனால் அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. சென்டருக்கு வந்தார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. இருபது பிள்ளைகள்.

"ஏ பிள்ளே, இங்கன வா."

வந்தேன்.

"நான் மனுசனா, ரத்தக் கொழாயா? நீ நெனைக்கும்போது தெறந்து பிடிக்கதுக்கு?"

"கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ அதத்தான் நாங்க சொல்லுதோம்."

"அப்ப அந்தக் கம்ப்யூட்டர வரச்சொல்லு, அதுட்டயே பேசிக்கிடுதேன். அங்கன ஒரு போட்டுக்காரன் என்ஜினக் கழத்திப் போட்டுட்டுக் கெடக்கான். அவன் தொழிலுக்குப் போயி ரெண்டு நாளாச்சு. உன் பேச்சக் கேட்டு நான் பஸ் ஏறி ஏறி வாரேன்."

"வரமுடியாதுன்னு சொல்லியிருக்கலாம்லா."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஒரு உசுரு போகப்போகுதுன்னு சொல்லி நீதானம்மா கூப்பிட்ட. வரமாட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பலகையைப் பார்த்தேன்.

சாயங்காலம் செய்யது பைய என் பக்கம் திரும்பி, "அந்த ஒரு வரிதான் கோமதி" என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு என்ன செய்தேன் என்றால், புரோகிராமுக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டினேன். என்னைக் கேட்காமல் யாரும் திறக்கக் கூடாது என்று முதலாளியிடம் சொன்னேன். செய்யதுவோடு பேசுவதை நிறுத்தினேன். அவரிடம் ஏதாவது கேட்க வேண்டியிருந்தால், நடுவில் இருந்த பிரிண்டரைப் பார்த்துப் பொதுவாகச் சொல்வேன். அவரும் பிரிண்டருக்கே பதில் சொல்வார். நான்கு மாதம் இப்படி ஓடியது. அந்த நான்கு மாதமும் ஓ நெகட்டிவ் கேட்டு போன் வராதது எங்கள் ஊர் ஜனங்கள் செய்த புண்ணியம்.

அப்போது என் மதினிக்கு நிறைமாதம். அண்ணனுடைய மனைவி. ஒருநாள் காலையில் அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்து போன் பண்ணினான்.

"ஏட்டி, பிள்ளை குறுக்க கெடக்காம். நாளைக்குக் காலைல ஆபரேசன். ஓ நெகட்டிவ் ஒரு பாட்டில் ஏற்பாடு பண்ணி வச்சாத்தான் தொடுவேங்காவ டாக்டரம்மா. நீ ஏதோ ரத்தப் பட்டியல் வச்சிருக்கேன்னு பெருமை பீத்துவியே. அதப் பாரு."

செய்யது உள்ளே வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். நான் முதலில் ஜெயராணி அக்காவுக்குப் பண்ணினேன். "இருப்பு இல்லம்மா" என்றாள். அதோடு விடாமல், "உன் கம்ப்யூட்டர்லயே இருக்குமே, பாரு" என்றாள். அவளுக்கு அந்தச் சந்தோஷம் நியாயமானதுதான்.

பட்டியலை அச்சடித்தேன். ஒன்பது பெயர். என் கண் நேரே கடைசிக் கட்டத்துக்குத்தான் போனது. ஏழு "முடியாது". துபாய்க்காரர். மிக்கேல் அண்ணாச்சி. உரக்கடைக்குப் போன் பண்ணினேன். அண்ணாச்சி வந்து, என் குரலைக் கேட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டார்.

லீவு எழுதி முதலாளி மேஜையில் போட்டேன். வகுப்பு முடிந்து வந்திருந்த செய்யது நிமிர்ந்து பார்த்தார். நான் பிரிண்டரிடம்கூட எதுவும் சொல்லவில்லை. காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு திசையன்விளை பஸ் ஏறினேன்.

வழியெல்லாம் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். மூன்று தடவை வந்தாராம், கோபமாம். ஒரு பெண் பிரசவத்துக்குக் கிடக்கிறாள், மனிதருக்கு ரோஷம் பெரிதாய்ப் போயிற்று. நாங்குநேரி தாண்டி செம்மண் காடு வந்தபோது, அவர் காலில் விழுவது என்று முடிவெடுத்திருந்தேன். திட்டிவிட்டு விழுவதா, விழுந்துவிட்டுத் திட்டுவதா என்பதுதான் பாக்கி.

பட்டறையில் அவர் ஒரு என்ஜினைத் தரையில் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தார். முழங்கை வரைக்கும் மசகு. என்னைப் பார்த்ததும் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"போன வச்சா நேர்லயே வந்துருவியா?"

விஷயத்தைச் சொன்னேன். மதினி, பிள்ளை, நாளைக் காலை. சொல்லும்போதே அழுகை வந்தது. அது எனக்குப் பழக்கமில்லாதது, அதனால் பாதியில் அதட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. "நீங்க கண்டிப்பா வரணும் அண்ணாச்சி. உங்களுக்கு மூணு மாசம் தாண்டிட்டு. நானே எண்ணிப் பார்த்துட்டேன்."

அவர் கையைத் துணியில் துடைத்தார். சட்டைக் கையை மேலே ஏற்றி உள்பக்கம் காட்டினார். ஊசி போட்ட இடம் நீலமாகக் கன்றிக் கிடந்தது.

"முந்தாநேத்து. நாகர்கோயில் ஆஸ்பத்திரில. எங்க ஊருக்காரன் ஒருத்தன் கடல்ல அடிபட்டுட்டான். இப்ப எப்படிம்மா குடுப்பேன்?"

அதைப் பார்த்த பிறகும் என் வாயில் இருந்து என்ன வந்தது என்று நினைக்கிறீர்கள்?

"கம்ப்யூட்டர்ல கொடுக்கலாம்னு இருக்கே."

மிக்கேல் அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கையை நீட்டினார். "அந்தக் காயிதத்தக் குடு."

வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மசகு விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் படித்தார். அந்தக் காகிதத்தை மேலிருந்து கீழ்வரை, இடமிருந்து வலம்வரை முழுதாகப் படித்த முதல் ஆள் அவர்தான்.

"என்னத் தவிர எட்டுப் பேருல ஏழு பேரு முடியாதுன்னு போட்டிருக்கு. ஏன் முடியாது?"

"சமீபத்துல கொடுத்திருப்பாங்க."

"எப்பக் குடுத்திருக்கானுவன்னு பக்கத்துலயே தேதி இருக்குல்லா. ஏழு பேருக்கும் ஒரே தேதி. இது ஏழு மாசத்துக்கு முந்தின தேதி. மூணு மாசம்னா இவனுவ எல்லாம் எப்பவோ குடுக்கலாமே. படிச்ச பிள்ளைதான நீ?"

பார்த்தேன். ஏழு மாதத்துக்கு முந்தைய தேதி. பக்கத்தில் "முடியாது". அடுத்த வரி, அதே தேதி, "முடியாது". நாற்பதாம் பக்கம் கண் முன்னால் விரிந்தது, படிக்காமலே.

"நிக்காத. யாருக்காவது போனப் போடு. முத ஆளு யாரு..." அவர் காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "செய்யது. மேலப்பாளையம். நம்பர்..." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எம்மா, இந்த நம்பருல இருந்துதான நீ என்ன ஆறு மாசமா உசுர எடுக்க? காயிதத்து உச்சியிலயும் இதே நம்பர்தான போட்டிருக்கு, இது உங்க ஆபீஸ் நம்பருல்லா?"

ஆமாம். எங்கள் ஆபீஸ் நம்பர்தான். முகாமில் முதல் ஆளாகப் படுத்து ரத்தம் கொடுத்தவர் செய்யது. முதல் பெயராக அவரைப் பதிந்தது நான். வீட்டில் போன் இல்லை என்று ஆபீஸ் நம்பரைச் சொன்னார், அதையும் தட்டியது நான். எனக்கு வேண்டிய ரத்தம், என் நாற்காலியில் இருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில் நான்கு மாதமாக உட்கார்ந்து, பிரிண்டரோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

"யாரும்மா அந்த ஆளு?"

"என் பக்கத்து ஸீட்டு."

"கேட்டியா?"

"நாங்க பேசிக்கிட மாட்டோம்."

அதற்கு அவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. கடற்கரையில் வலை கிழிந்தால் சொல்கிற வார்த்தை. என்னை முன்னால் விட்டு, உரக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போகாத குறையாகக் கூட்டிப்போனார். நான் எண்களைச் சுழற்றினேன். பக்கத்திலேயே இடுப்பில் கை வைத்து நின்றார்.

நான்கு மாதம் கழித்து அந்தக் குரல். "சொல்லுங்க, கம்ப்யூட்டர் சென்டர்."

"செய்யது, நான் கோமதி."

"சொல்லுங்க கோமதி. எங்க இருக்கீங்க?"

"திசையன்விளையில."

"அங்க எதுக்குப் போனீங்க?"

"உங்க ரத்தத்தக் கேக்கதுக்கு."

அவர் சிரிக்கவில்லை. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டார். "நோன்பு இப்ப இல்ல, மதியம் சாப்பிட்டுட்டேன், அதனால ஒண்ணும் பிரச்சினை இல்ல. இன்னும் அரை மணி நேரத்துல இருப்பேன். நீங்க பதறாம வாங்க" என்று சொல்லி வைத்தார். எனக்கு அப்போதும் கோபம் வந்தது. ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா அந்த மனிதர்.

நான் பஸ்ஸில் திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் கொடுத்து முடித்து, என் அண்ணன் வாங்கித்தந்த பழரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தார். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். சொன்னது வத்தி வைப்பதற்காக அல்ல. "கோமதி ஏன் இவ்வளவு நேரமா வரல" என்று அண்ணன் கேட்டதால்.

"ஏட்டி, இவரு உன் பக்கத்துல உக்காந்திருக்காராமே" என்றான் அண்ணன். சுற்றி மதினியின் பிறந்த வீட்டார் எல்லோரும் இருந்தார்கள். "நீ இவர விட்டுட்டு எங்க போயிட்டு வார?"

நான் சொல்ல வேண்டியிருந்தது. எல்லோர் முன்னாலும், ஊர்ப் பெயரோடு.

மறுநாள் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் நலம். அன்று மதியம் ஆபீசுக்குப் போய், கடவுச்சொல்லை எடுத்துவிட்டு, விலக்குப் பட்டியலில் அந்த ஒரு வரியை எழுதினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஏழு "முடியாது" ஏழு "கொடுக்கலாம்" ஆனது. செய்யது பெயர் "முடியாது" என்று மாற, அவர் கொடுத்த தேதியை நானே தட்டினேன். மிக்கேல் அண்ணாச்சியின் நாகர்கோயில் தேதியையும் போட்டேன். முதல் முறையாக அவரைக் கூப்பிட முடியாது என்று என் கம்ப்யூட்டர் சொன்னது. மற்ற ஆறு பேருக்கும் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். அதில் சீவலப்பேரியைச் சேர்ந்த ஒரு வாத்தியார், ஏழு மாதமாக ஒரு போன் வரவில்லை, என் ரத்தத்தில் என்ன குறை கண்டீர்கள் என்று அரை மணி நேரம் திட்டினார். நிம்மதியாக வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து எனக்கு மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயத்தன்று இரண்டு வீட்டாரும் கூடியிருக்கும்போது, மாப்பிள்ளைக்குப் பூர்வீகம் எந்த ஊர் என்று யாரோ ஒரு பெரியவர் கேட்டார். சம்பந்தி வீட்டார் திசையன்விளை என்றார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் பாக்கி இல்லாமல் சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை, ஊரைக் கேலி செய்கிறோம் என்று அவர்கள் முகம் மாறியது. மாமனாராகப் போகிறவர் எழுந்தே விட்டார்.

"கோவிச்சுக்கிடாதிய மாமா" என்று அண்ணன் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தான். "பக்கத்துத் தெருவுலயே நல்ல மாப்பிள்ளை இருந்திருப்பாரு. எங்க வீட்டுப் பிள்ளைக்குக் கண்ணுல படாது. திசையன்விளைக்குப் போயித்தான் தேடுவா." அதோடு நிற்காமல் முழுக் கதையையும் சொன்னான். மாமனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

இன்றைக்கும் எங்கள் இரண்டு வீட்டிலும் மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு யாராவது வீடு முழுக்கத் தேடினால், "என்ன, திசையன்விளைக்குப் பஸ் ஏறியாச்சா" என்றுதான் கேட்பார்கள். மதினிக்குப் பிறந்த அந்தப் பெண் இப்போது பெங்களூரில் புரோகிராம் எழுதுகிறாள். அவள் ஆபீசில் தமிழே தெரியாதவர்கள்கூட, பக்கத்து ஆளைக் கேட்காமல் நாள் முழுக்க ஒரு தப்பைத் தேடிக்கொண்டிருப்பவரைப் பார்த்து, "திசையன்விளை, திசையன்விளை" என்கிறார்களாம். யாருடைய அத்தை அங்கே போனவள் என்று மட்டும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறாள். நான் நம்பவில்லை.